உள்ளே எத்தனை பேர்?

ஒன்று என்று தட்டினாள். இன்னொரு முறை சொல்லுங்கள் என்றது திரை.

மதிவதனிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. எண் கேட்டதற்கு எண்ணைத்தான் கொடுத்திருக்கிறாள், அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? அவளும் கணவன் வளவனும் சேர்ந்து செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. படம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. திரையில் கதை ஓடும், ஓரிடத்தில் நின்று கேள்வி கேட்கும், ஆடுகிறவர் பதிலைத் தட்டினால் அதற்கேற்ற பக்கம் திரும்பும். கதை எழுதுவது வளவன். பதிலைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடும் கோடு எழுதுவது மதி.

எண் கேட்கிற இடம் வந்தால் போதும், ஜனங்கள் படுத்துகிற பாட்டைச் சொல்லி மாளாது. ரெண்டு என்பார்கள், 02 என்பார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், 'ரெண்டு பேருங்க' என்று மரியாதையாகவும் சொல்வார்கள். போன விளையாட்டில் வயது என்ன என்று கேட்டதற்கு யாரோ புண்ணியவான் 'உனக்கெதுக்கு' என்று போட்டிருந்தார். கோபித்துக்கொள்ள முடியாது. ஆடுகிறவர் எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்ள வேண்டியது தன் வேலை என்பது மதியின் கொள்கை. அதனால் 1, ௧, ஒரு, ஒரே, ஒண்ணு, ஒருத்தர், ஒருத்தி என்று நாற்பது விதமான ஒன்றுகளைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். நீட்டி முழக்கிப் பேசினால்கூட நடுவிலிருக்கும் எண்ணை அது பொறுக்கி எடுத்துக்கொள்ளும். தட்டத் தெரியாதவர்கள் மைக்கில் வாயால் சொல்லலாம். எப்படி வந்தாலும், வந்த எண்ணைச் சின்ன ஸ்பீக்கர் சத்தமாகத் திருப்பிச் சொல்லும். 'கண்ணு தெரியாதவங்களும் ஆடட்டுமே, மதி' என்று வளவன் கேட்டுக்கொண்டதற்காகச் சேர்த்தது அது.

இப்போதும் ஸ்பீக்கர் சொல்லத்தான் செய்திருந்தது. "ஒன்று." புரிந்துகொண்டிருக்கிறது. புரிந்துகொண்டே மறுபடி கேட்கிறது.

மணி ஐந்துதான் ஆகியிருந்தது, ஆனால் கார்த்திகை மழை மலையை மொத்தமாக முழுங்கிவிட்டு செங்கம் ரோடு வரைக்கும் இறங்கி வந்திருந்ததால் மாடி அறைக்குள் அப்போதே இருட்டு கட்டியிருந்தது. ஆசிரமத்துப் பக்கம் மயில் ஒன்று நனைந்த தொண்டையால் கத்திக்கத்தி ஓய்ந்தது, தெருமுனையில் வெள்ளைக்காரர்கள் வந்து உட்காருகிற கடையிலிருந்து வறுத்த காப்பிக்கொட்டை வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டில் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் அன்வர் பாஷாவும் வஜீதா அக்காவும் ஒரு கல்யாணத்துக்காகக் காலையிலேயே ஆம்பூர் போய்விட்டார்கள். வளவன் அவர்களுக்கும் முன்னால், முதல் பஸ்ஸில், கீழ்பென்னாத்தூருக்குத் தன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பியிருந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் முதல் காட்சியை மட்டும் நீயே ஆடிப் பார்த்துடு மதி. சத்தத்தோட" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் காட்சி இதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் கதவுக்கு வெளியே நின்று யாரோ கேட்கிறார்கள்: உள்ளே எத்தனை பேர்? வீட்டில் இருப்பது தனியாக ஒரு பெண். ஆகவே சரியான பதில் ஒன்று.

௧ என்று தட்டினாள். "ஒன்று" என்றது ஸ்பீக்கர். இன்னொரு முறை சொல்லுங்கள்.

வெளியே இரும்புப் படிக்கட்டில் டங்கென்று ஏதோ விழுந்தது. முருங்கைக் கிளையாக இருக்கும் என்று நினைத்தாள். மாடிக்கு ஏற வீட்டுக்கு வெளியே அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் வழி; தண்ணீர் கேன் கொண்டுவரும் சுரேஷ்குமார் ஒவ்வொரு தடவையும் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "பதினேழு படிக்கா, எண்ணிட்டேன்" என்று அலுத்துக்கொள்வான்.

தப்பு கண்ணில் பட்டுவிட்டால் அதை எல்லாப் பக்கமிருந்தும் குத்திப் பார்க்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது. கோடு எழுதுகிற யாராலும் முடியாது. 01 என்று கொடுத்தாள். ஒண்ணு. ஒருவர். ஒருத்தி. ஆங்கில எழுத்தில் ஒருமுறை. நான் ஒருத்திதான். ஒவ்வொன்றையும் ஸ்பீக்கர் பொறுமையாக "ஒன்று" என்றது, ஒவ்வொரு முறையும் திரை அதே வாக்கியத்தைப் போட்டது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழித்து வெளியே படிக்கட்டின் இரும்பு அதிர்ந்தது. மழைக்கு இரும்பு சத்தம் போடும்தான். ஆனால் மழை தாளம் பார்த்துப் பெய்யாது என்று அவள் மனதின் ஒரு மூலை சொன்னது, அவள் அந்த மூலையை வாயை மூடச் சொன்னாள்.

இந்த விளையாட்டு ஒழுங்காக வந்தாக வேண்டும். பிழைப்புக்காக மட்டும் இல்லை. தை மாதம் வளவனின் அப்பா மூர்த்தி ஊரில் நெல் அறைக்குள் ஒரு விடிகாலையில் செத்துக் கிடந்தார். அன்றிலிருந்து வளவன் தூங்கவில்லை. பாதி ராத்திரியில் எழுந்துபோய் வாசல் கதவில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "யாரோ ஏறி வர்றாங்க, மதி" என்பான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறாள். வேலூர் டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறாள். அவனுக்குத் தெரியாமல் குளியலறையில் அழுதிருக்கிறாள். ஆடி மாதம் திடீரென்று அவனே வந்து இந்தக் கதையைச் சொன்னான். அவன் கண்ணில் பழையபடி ஒரு ஆர்வத்தைப் பார்த்ததும், சாமி, இது முடிந்தால் என் புருஷன் எனக்குத் திரும்பிக் கிடைத்துவிடுவான் என்று நினைத்து அவள் ராப்பகலாக உழைத்தாள். அவளுக்கு வேண்டியது அது மட்டும்தான்.

பதின்மூன்றாவது முறை ஒன்று சொன்னபோது கரண்ட் போனது.

லேப்டாப் திரை மட்டும் வெளிச்சம் தந்தது. காப்பி வாசனை எப்போது நின்றது என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்திருந்தது, கதவின் அடி இடுக்கு வழியாக, தரையோடு தரையாக. நனைந்த சாக்கின் வாசனை. மூட்டை கட்டி மறந்துபோன நெல் உள்ளேயே புழுங்கினால் வரும் வாசனை.

அப்போதுதான் அவளுக்கு லாபம் ஞாபகம் வந்தது. அவள் மாமியார் ஜோதியம்மாள் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஊர்ப்பக்கம் எல்லாரும் அப்படித்தான். கிராமத்துக்காரர்கள் யாராவது பதிலாகச் சொல்லிப் பார்க்கட்டுமே என்று ஆசையாக அதையும் பட்டியலில் சேர்த்திருந்தாள்.

லாபம் என்று தட்டினாள்.

ஸ்பீக்கர் பேசவில்லை. வெளியே இரும்பும் சத்தம் போடவில்லை. திரையில் வந்த வரி: புரியவில்லை. எண்ணாகச் சொல்லுங்கள்.

கோடு இருந்த பைலைத் திறந்தாள். மற்ற ஒன்றுகள் எல்லாம் அவள் வைத்த வரிசையிலேயே இருந்தன. லாபம் மட்டும் இல்லை. அழித்துவிட்டு, அழித்த தடம் தெரியாமல் வரிகளை இழுத்து மூடியிருந்தார்கள். கீழே அவள் எழுதாத ஒரு பகுதி. பதில் ஒன்று என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதே, மறுபடி கேள், பதினேழு ஆகும்வரை கேட்டுக்கொண்டே இரு என்றது அது. பக்கத்தில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று.

பைல் கடைசியாக மாறிய நேரம், இன்று விடிகாலை நான்கு ஐம்பது. மாற்றியவர் பெயர், மதிவதனி.

அந்த நேரத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த லேப்டாப்பைத் தொடக்கூடிய இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவன்தான். 'கோடு எல்லாம் என் மண்டையில ஏறாது தாயே, நீதான் காப்பாத்தணும்' என்று கும்பிடு போட்டுச் சிரிக்கிறவன். அந்தப் பகுதியை மறுபடி படித்தாள். அவள் எழுதுவது போலவே இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ஒரு வரி சும்மா விடுகிற அவளுடைய பழக்கம்கூட அப்படியே. பக்கத்தில் டீ டம்ளரை வைத்துவிட்டு அவள் தோளில் மோவாயை ஊன்றி எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தான்! ஆசையாகப் பார்க்கிறான் என்றல்லவா நினைத்தாள்.

இருக்காது. ஏதோ விளையாட்டுக்குச் செய்திருப்பான். கதைக்குத் திகில் கூட்டுவதற்காக இருக்கும். அவன் வாயால் அதைக் கேட்டுவிட்டால் போதும். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று வீடியோ காலில் கூப்பிட்டு, போனை லேப்டாப்பின் மேல் சாய்த்து வைத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தான். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தவன் போல. கீழ்பென்னாத்தூர் வீட்டில் விளக்கு எரிந்தது. அவனுக்குப் பின்னால் ஜோதியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே எண்ணி நெல் அளந்துகொண்டிருந்தார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..."

"ஆடிப் பார்த்தியா?" என்றான்.

"கோடுல கை வச்சியா வளவா?"

அவன் பார்வை அவள் முகத்தில் நிற்காமல், அவளுக்குப் பின்னால் இருட்டில் எதையோ தேடிவிட்டு வந்தது.

"எத்தனை ஆச்சு?" என்றான்.

"என்ன எத்தனை ஆச்சு? லாபத்தை எதுக்கு எடுத்த? கீழகூட யாரும் இல்ல, கரண்ட் இல்ல, நான் ஒருத்தி இங்க உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு..."

"ஒன்று" என்றது ஸ்பீக்கர்.

மைக் திறந்திருந்ததை அவள் மறந்துவிட்டாள். வெளியே இரும்பு அதிர்ந்தது. இந்த முறை முருங்கைக் கிளை என்று நினைக்க முடியவில்லை. எடை இருந்தது அதில். ஒரு கால் ஊன்றி, அடுத்த கால் பக்கத்தில் வந்து சேர்ந்து, நின்றது.

அளக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஜோதியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அது கேட்டுச்சா?" என்றாள் மதி. "என்னடா பண்ணி வச்சிருக்க? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"ஒன்று."

டங்.

பதினைந்து. பதினேழு படிக்கா, எண்ணிட்டேன் என்பானே சுரேஷ்குமார். பதினேழு என்று வளவன் எழுதியது கதைக்காக இல்லை. இந்த வீட்டுக்காக.

மதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது வார்த்தை. தமிழில் வாயைத் திறந்தால் ஒரு வராமல் எப்படிப் பேசுவது? எப்படிச் சொன்னாலும் புரிந்துகொள்ளும்படி அவளே உட்கார்ந்து கட்டியது.

எழுந்தாள். கதவு. தாழ்ப்பாள் போட்டிருந்ததா? நான்கு எட்டு நடந்து கையால் தடவிப் பார்த்தாள். போட்டிருந்தது. மரம் ஈரமாக இருந்தது. உள்பக்கம்.

போனிலிருந்து ஜோதியம்மாளின் குரல் கேட்டது. "டேய், சொல்லிட்டாளா அவ? தனியாவா இருக்கா?" அப்புறம் தேய்ந்துபோன அழுகை. "மதி... எங்க வூட்ல ஆளுங்களையும் நெல்லு மாதிரிதான் எண்ணுவோம். லாபம்னுதான் ஆரம்பிப்போம். மொத நம்பரை யாருக்குச் சொல்றமோ, அவங்களைத் தேடி அது வந்துரும். உன் மாமனாரைத் தேடி அப்படித்தான் வந்துச்சு. அப்புறம் இவனைப் புடிச்சுக்கிச்சு. தெனம் ராத்திரி படியேறுதுன்னான். இவன் வூட்ல வேற ஆளுக்கு அந்த நம்பரைக் குடுத்தாத்தான் இவனை விடும்னான்."

மதி கதவோடு ஒட்டி நின்றாள். சொல்ல ஆயிரம் இருந்தது. நான் உங்க மருமக இல்லையா, அத்தை. போன வருஷம் பட்டுப்புடவை வாங்கி வந்து உங்களுக்கு நான்தானே கட்டிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று, போனில் தெரிகிற வளவனின் முகத்தைப் பார்த்து. அவள் பார்க்க விரும்பியது அந்த ஆளின் முகத்தில் கொஞ்சம் வெட்கம். கொஞ்சம் தயக்கம். வேறெதுவும் வேண்டாம்.

வளவன் போனை வாய்க்கருகே கொண்டுபோனான். காது கேளாதவருக்குச் சொல்வது போல நிறுத்தி, திருத்தமாக, சத்தமாகச் சொன்னான்.

"ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு, மதி."

"ஒன்று."

அவள் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், டங்.

தெரிந்தே சொன்னான்.

அப்போதும் அவளுக்குச் சாவைப் பற்றித் தோன்றவில்லை. பத்து மாதம் மடியில் கிடந்த அந்தத் தலையின் கனம்தான் தோன்றியது. ஏறி வருவது யார் என்று தெரிந்துகொண்டே கிடந்திருக்கிறான். யாரிடம் தள்ளிவிடலாம் என்று யோசித்துக்கொண்டே.

இன்னும் ஒரு படி. லேப்டாப்பை மூட வேண்டும். அவ்வளவுதான். மூடிவிட்டால் கேட்காது. நான்கு எட்டு.

முதல் எட்டு வைத்தாள். சத்தமில்லாமல்.

"என்னை மன்னிச்சுரும்மா" என்று போனில் ஜோதியம்மாள் அழுதார்கள்.

இரண்டாவது எட்டு.

"நான் என்னா பண்ணுவேன்..."

மூன்று. கை நீண்டது. விரல் திரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. சொல்லாதீங்க அத்தை. சொல்லாதீங்க.

"எனக்கு இருக்கறது ஒரே புள்ள."

"ஒன்று" என்றது ஸ்பீக்கர்.

லேப்டாப் மூடிக்கொண்டது. அவளே மூடினாள். போன் சரிந்து மேசையில் விழ, அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அறையில் இப்போது அந்தச் சின்னத் திரையின் வெளிச்சம் மட்டும்.

படி அதிரவில்லை. யாரும் தட்டவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. மழைகூட நின்றுவிட்டது.

தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

சாக்கு வாசனை மட்டும் வந்தது. தரையோடு இல்லை இப்போது. அவள் கழுத்தின் உயரத்தில். அதற்கும் மேலே.

"வளவா" என்றாள். மைக் இல்லை, இனி பேசலாம். "வளவா, என்னைப் பாரு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலே, வெகு உயரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். பத்து மாதமாக அவன் முகத்தில் மதி எதற்காகக் காத்திருந்தாளோ அந்த நிம்மதி, நெற்றியிலிருந்து இறங்கி, கண்ணுக்கு வந்து, வாய்க்கு வந்தது. போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு, பெரியவர் வீட்டுக்கு வந்ததும் எழுந்து நிற்பது போல எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினான்.

"வாங்க" என்றான்.

ஈரமான கை ஒன்று மதியின் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. மரக்கால் நெல்லின் தலையை வழித்துச் சமன் செய்வது போல, அவசரமே இல்லாமல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழிக்கத் தொடங்கியது.